தங்கச்சி ஒன்றும் சொல்லாத படம்

எங்கள் வீட்டு டீவிடி டெக்கின் மூடி சரியாகப் பூட்டாது. சீடியைப் போட்டு மூடியை விரலால் அமத்திப் பிடித்தால் படம் ஓடும். விரலை எடுத்தால் நின்றுவிடும். முதல் இரண்டு படத்தையும் நானும் தங்கச்சியும் முறைவைத்துப் பிடித்துத்தான் பார்த்தோம். மூன்றாம் நாள் அவள் வளவில் கிடந்த செங்கல் துண்டு ஒன்றைக் கழுவித் துடைத்து, என் பழைய சாரத்தில் கிழித்த துணியால் சுற்றி, மூடிக்கு மேல் வைத்தாள். அதற்குப் பிறகு படம் நிற்கவில்லை. "பாத்தீங்களா நானா, இதுதான் கெம்பஸ் படிப்பு" என்றாள். எங்கள் ஆட்களில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

யுத்தம் முடிந்து ஐந்தாம் வருஷம் அது. மார்கழி மாதம். தங்கச்சி கிழக்கில் ஒரு கெம்பஸில் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் முடிந்திருந்தது, இன்னும் ஒரு வருஷம் இருந்தது. மூன்று கிழமை லீவில் வந்திருந்தாள். எனக்கு எத்தாளைப் பக்கம் உப்பளத்தில் வேலை. மார்கழி மழை விழுந்தால் உப்புப் பாத்தியெல்லாம் வெறும் தண்ணீர்தான். வேலை இல்லாமல் நானும் வீட்டில் இருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் சும்மா இருந்தது அந்த மூன்று கிழமை மட்டும்தான்.

தொண்ணூறில், யுத்தத்தில் முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்றியபோது, மன்னாரை விட்டு வந்தோம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தங்கச்சி இங்கே வந்த பிறகு, முகாமில், ஓலைக் கொட்டிலில் பிறந்தவள். அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது வாப்பா மௌத்தாகிவிட்டார். அதற்கு முன்பே நான் பள்ளிக்கூடத்தை விட்டு உப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவளைப் படிக்கவைக்க வேண்டும் என்று நான் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்ததில்லை. அவள் படித்தாள். நான் மறிக்கவில்லை. எங்கள் குடியேற்றத்திலிருந்து கெம்பஸ் போன முதல் பெண் பிள்ளை அவள் என்பதே ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் படித்தது புவியியல். கடைசி வருஷத்தில் எங்கள் கடலோரக் களப்பையும் உப்பையும் பற்றி நீளமாக ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். காலையில் பாணும் சம்பலும் சாப்பிடும்போது கொப்பியும் பேனையுமாக எனக்கு முன்னால் வந்து இருப்பாள். எந்தக் காற்றுக்கு உப்பு நல்லாப் பூக்கும், மழை வருகிறதை எப்படிப் பிடிப்பீங்கள், காலில் புண் வந்தால் என்ன போடுவீங்கள் என்று கேட்பாள். "சோளகம்" என்பேன். அதை எழுதிவிட்டு மேலே பார்ப்பாள். "ஒரு சொல்லோட நிப்பாட்டாதீங்க நானா, கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்க. எனக்குப் பக்கம் நிரம்பணும்." நான் முடிந்த அளவு நீட்டுவேன். நான் சொன்னதை ஒரு ஆள் எழுதிவைத்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்து அப்படி எழுதுகிறாளே என்று எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இதை அவளிடம் சொன்னதில்லை.

பின்னேரம் படம். ஹொஸ்டலில் ஒரு பிள்ளையிடம் கொம்பியூட்டர் இருந்ததாம். அதில் எல்லோருமாகக் கூடி மலையாளப் படம், ஹிந்திப் படம் எல்லாம் பார்த்திருக்கிறாள். டவுனில் நான் சீடி எடுக்கிற கடையில் தமிழ்ப் படம் மட்டும்தான். நல்ல கதை என்று கடைக்காரர் தருகிறதெல்லாம், அவள் ஏற்கனவே வேறு பாஷையில் பார்த்த கதையாகவே இருந்தது. புது நடிகரைப் போட்டு, நாலு பாட்டையும் ஒரு சண்டையையும் சேர்த்துத் திரும்ப எடுத்தது. படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். "யா அல்லாஹ், இதையுமா கெடுத்து வெச்சிருக்கானுகள்" என்று நெற்றியில் அடிப்பாள். அதன் பிறகு படம் முழுக்க அவளுடைய கதைதான். "இந்த இடத்துல அவன் அழவே மாட்டான் நானா, பேசாம இருப்பான். இஞ்ச பாருங்க, ஒப்பாரி வெக்கிறான்." "அந்தப் படத்துல இந்த வீடு சின்னன். இது என்ன, மினிஸ்டர்ட வீடு மாதிரி." எனக்கு அந்தப் படங்கள் பிடித்துத்தான் இருந்தன. அதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "முதல் படத்தப் பாக்காட்டி இது நல்ல படம்தான்" என்றாள்.

ஒரு நாள் கடைக்காரரிடம் ஒரிஜினல் இருக்கா என்று கேட்டுவரச் சொன்னாள். கேட்டேன். அவர் கடை வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "ஒரிஜினலா? எங்கட கடையில எது மகன் ஒரிஜினல்? எல்லாம் நான் அடிச்ச கொப்பிதான்." வந்து சொன்னேன். தங்கச்சி பாயில் விழுந்து விழுந்து சிரித்தாள். குசினியிலிருந்து உம்மா, "பொம்புளப் புள்ள சிரிக்கிற சத்தம் ரோட்டுக்குக் கேக்குது" என்று ஏசினார். ஏசிக்கொண்டே அவரும் படம் பார்க்க வந்து உட்கார்ந்தார்.

மற்றப் பக்கம் சொந்தக்காரர் கூட்டம். பாதை திறந்த பிறகு மன்னாரில் போய்த் திரும்பக் குடியிருந்தவர்களும், இங்கேயே தங்கிவிட்டவர்களும் லீவு வந்தால் மாறி மாறிப் போய்வந்தார்கள். ஒரு நாள் குறிஞ்சிப்பிட்டியில் பெரிய வாப்பா வீட்டில் சாப்பாடு. ஒரு நாள் எங்கள் வீட்டில் வாப்பாவின் பெயரில் கத்தம் ஓதிச் சாப்பாடு. போன இடமெல்லாம் பெண்கள் தங்கச்சியைச் சுற்றி இருந்துகொள்வார்கள். வாப்பாவின் தங்கச்சி, எங்கள் மாமி, மன்னாரிலிருந்து வந்திருந்தார். எல்லோருக்கும் கேட்க, "கெம்பஸ் புள்ளைக்குக் கறி ஆக்கத் தெரியுமா?" என்று கேட்டார். "ஆக்கத் தெரியாது மாமி, குறை சொல்லத் தெரியும்" என்றாள் தங்கச்சி. மாமிக்கு அது பிடித்துவிட்டது. அவளை இழுத்துத் தலையைத் தடவினார். நானும் சிரித்தேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மாமியின் மகன், எங்கள் மச்சான், கட்டாரில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாத லீவு. அந்த வருஷம் அவனுடைய லீவும் தங்கச்சியின் லீவும் ஒன்றாக விழுந்தது. பெரியவர்களுக்குக் கலியாணம் பேச அது போதுமாக இருந்தது. உம்மாவுக்குச் சீனி வருத்தம் கூடிக் காலில் ஒரு விரலை எடுத்திருந்தார்கள். சிலாபத்துக் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போய் வருவேன். பஸ்ஸில் போக ஒரு தடவை, வர ஒரு தடவை, "நான் கண்ண மூட முதல் இவளை ஒருத்தன்ட கையில குடுத்திரணும்" என்பார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெரிய வாப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாப்பாவின் மூத்தவர். வாப்பா மௌத்தான பிறகு எங்களை முகாமிலிருந்து கூட்டிக்கொண்டுபோய்த் தன் வெங்காயத் தோட்டத்து அறையில் இரண்டு வருஷம் வைத்திருந்தார். அவர் பிள்ளைகள் சாப்பிட்டதைத்தான் நாங்களும் சாப்பிட்டோம். பெரிய குரல். படம் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் உம்மா தொழுகைப் பாயை எடுத்து டீவி மேல் போர்த்துவிடுவார். அவர் இருக்கும் இடத்தில் நான் கதிரையில் இருந்தது கிடையாது. அவர் இருக்கச் சொல்லுவார். நான் நிற்பேன்.

அவர் வீட்டுச் சாப்பாட்டில்தான் அந்தக் கதை முடிவானது. ஆறு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றி இருந்தோம். நடுவில் சோறும் இறைச்சியும். பெரிய வாப்பா தன் பக்கத்து இறைச்சித் துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவைத்துக்கொண்டே சொன்னார். மச்சான் போவதற்கு முன் தங்கச்சிக்கும் அவனுக்கும் காவின் எழுதி நிக்காஹை முடித்துவிட வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். "நீதான் மகன் வொலிகாரன். வாப்பாட இடத்துல நீதான் கையெழுத்து வெக்கணும். உனக்கு ஏதும் சொல்ல இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஒரு வருஷம் பொறுங்க, அவள் படிச்சு முடிக்கட்டும். இவ்வளவுதான். வாயில் சோறு இருந்தது. விழுங்கினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இல்ல பெரிய வாப்பா" என்றேன். அவர் தண்ணீர்க் கோப்பையை எடுத்தார். இனிப்புக்கு வட்டலப்பம் வந்தது.

அடுத்த நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு திரும்பவும் அவர் வீட்டுக்குப் போனேன். சைக்கிளில் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஓதிக்கொண்டிருந்தார். முற்றத்தில் நின்றேன். ஓதி முடித்து வந்து, "என்ன மகன், உம்மாவுக்கு ஏதும் வருத்தமா?" என்று பதறிக் கேட்டார். அந்தப் பதற்றத்தைப் பார்த்ததும், "சும்மாதான் வந்தேன்" என்றேன். பிளேன்டீ குடித்துவிட்டு, அவர் கொடுத்த ஒரு பை வெங்காயத்தோடு திரும்பி வந்தேன்.

பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று பள்ளிவாசல் மௌலவி சொல்லியிருந்தார். வொலிகாரன் கேட்க வேண்டும். அது மார்க்கம். அவள் வாய்திறந்து ஓம் என்று சொல்ல வேண்டியதில்லை. குமர்ப் பிள்ளை வெட்கப்படும், பேசாமல் இருந்தாலே அது சம்மதம்தான் என்று எங்கள் ஆட்களில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்றைக்குப் பின்னேரம் ஒரு படம் கொண்டுவந்திருந்தேன். தங்கச்சி நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த கதை. ஒரு டீச்சர். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். தூரத்து ஊரில் வேலை கிடைத்து பஸ் ஏறுகிறாள். மலையாளப் படத்தில் அந்த பஸ் போய்க்கொண்டே இருக்குமாம், அத்தோடு படம் முடிந்துவிடுமாம். "ஒண்டுமே நடக்காது நானா. பஸ் போகும், அவ ஜன்னலப் பாத்துக்கொண்டிருப்பா. ஆனா நான் மூணு தரம் பாத்தேன்" என்று சொல்லியிருந்தாள். தமிழில் எடுத்தது வந்திருக்கிறது என்றதும், "இதையாவது விட்டு வெச்சிருப்பானுகளா?" என்று கேட்டபடி முன்னால் வந்து இருந்தாள்.

மழை பெய்துகொண்டிருந்தது. உம்மா கதவடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். படம் முடியும் தறுவாயில்தான் எனக்குக் கேட்க முடிந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டீவியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "மாமிட மகனுக்கு உன்னப் பேசியிருக்கு. வெள்ளிக்கிழமை காவின் எழுத இருக்காங்க. உனக்கு சம்மதமா?"

டீவியில் பஸ் போய்க்கொண்டிருந்தது. கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் வந்து குறுக்கே நிறுத்தினான். அந்த டீச்சர் இறங்கினாள். பாட்டுத் தொடங்கியது. பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று ஆடினார்கள்.

தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. நான் பாட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீடு பெரிதாக இருந்தால் பிழை சொல்கிறவள், ஒருவன் அழுதால் பிழை சொல்கிறவள், மூன்று தரம் பார்த்த கதையை அவள் கண் முன்னால் திருப்பிப்போட்டும் வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது என்றுதான் நினைக்கிறேன்.

"கேட்டாச்சுத்தானே" என்றார் உம்மா பின்னாலிருந்து. "பொம்புளப் புள்ள வாய்விட்டா சொல்லும்? எழும்பி லைட்டப் போடு மகன்."

எழும்பி லைட்டைப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பதிவுகாரர் வந்தார். ஆண்களெல்லாம் ஹோலில். தங்கச்சி உள்ளறையில், பெண்களோடு. நடுவில் ஒரு சுவரும் ஒரு திரைச்சீலையும். பதிவுகாரர் பெரிய புத்தகத்தை விரித்துவைத்து என்னைக் கேட்டார்.

"பொண்ணுட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல்ல."

ஹோலில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டார்கள். அது சந்தோஷச் சிரிப்பு. யாரோ அல்ஹம்துலில்லாஹ் என்றார். பதிவுகாரர் இடத்தைக் காட்டினார். மச்சான் கையெழுத்து வைத்தான். நான் வைத்தேன். சாட்சிக்காரர் இரண்டு பேர் வைத்தார்கள். பெண் வைக்க அந்தப் புத்தகத்தில் இடம் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் நல்ல எழுத்து அவளுடையதுதான். என்னுடையது மூன்று எழுத்து, அதுவும் கோணல். பதிவுகாரர் மை காயட்டும் என்று கொஞ்ச நேரம் புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தார்.

மச்சான் கெட்டவன் இல்லை. இன்றைக்கும் இல்லை. "படிக்கிறதெண்டா படிக்கட்டும், எனக்கென்ன" என்றுதான் சொன்னான். பன்னிரண்டு நாளில் கட்டாருக்குப் போய்விட்டான். தங்கச்சியின் லீவு முடிந்தது. மாமிக்கு முழங்கால் வருத்தம், ஒரு மாதம் கூட இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். மன்னாருக்குப் போனாள். அடுத்த மாதம் அவளுக்கு வாந்தி தொடங்கியது. பிள்ளை கிடைத்த பிறகு போகலாம் என்றார்கள். பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு என்றார்கள். யாரும் ஒரு நாளும் போகக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேனோ தெரியாது.

அவளுடைய சாமான்களை எடுத்துவர நான்தான் கெம்பஸுக்குப் போனேன். ஒரு நாள் முழுக்க பஸ். பெண்கள் ஹொஸ்டலுக்குள் என்னை விடவில்லை. கேற்றடியில் நின்றேன். அவளுடைய சிநேகிதி ஒருத்தி ஒரு வாளி, மெத்தை, துணிப் பெட்டி எல்லாவற்றையும் இரண்டு தடவையாகத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். உப்புக் கொப்பியையும் கொண்டுவந்தாள். தங்கச்சி லீவில் எழுதியதைப் பிறகு தபாலில் இவளுக்கு அனுப்பிவைத்திருக்கிறாள், திருத்தச் சொல்லி. "நீங்கதானே அந்த நானா?" என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அவ விருப்பத்தோடதானே கலியாணம் முடிச்சா?"

"ஓம்" என்றேன். அந்த ஒரு சொல் எனக்கு உடனே வந்தது.

உம்மா அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். மூன்று பேரப் பிள்ளைகளைக் கண்டுவிட்டுத்தான் மௌத்தானார். பெரிய வாப்பாவும் இல்லை. போன மார்கழி லீவுக்குத் தங்கச்சி பிள்ளைகளோடு வந்திருந்தாள். இப்போது பெரிய டீவி. சீடி எல்லாம் இல்லை, பிள்ளைகள் போனிலிருந்து போட்டுவிடுகிறார்கள். யாரோ எப்போதோ எடுத்த படத்தைத் திரும்ப எடுத்திருந்தார்கள். மூத்தவள் சத்தமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கச்சி சொல்லவில்லை. பழைய படங்கள் அவளுக்கு ஞாபகம் இல்லையாம்.

பின்னேரம் வெளியே வந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வாளியில் தண்ணீர் வைத்தேன். இத்தனை வருஷமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன். "அண்டைக்கு நான் கேக்கக்குள்ள நீ ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

அவளுக்கு எந்த நாள் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த மீனைச் செதில் எடுத்து முடித்துக் கழுவிப் போட்டாள். பிறகுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

"உம்மா கால் ஏலாம அங்க இருந்தா. நான் என்ன நானா சொல்ல? நீங்க வொலிகாரர். நீங்க வேணாம் எண்டா அது நடக்காது. அந்த வீட்டுல வாய் உங்களுக்குத்தான் இருந்திச்சு. நீங்க சொல்லுவீங்க எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தேன்."

கத்தியைத் தண்ணீரில் அலசினாள். "பாட்டு முடியும்வரைக்கும் பாத்தேன்" என்றாள்.

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து வாளியை நகர்த்தி வைத்தேன். உள்ளே பிள்ளை ஒன்று உம்மா என்று கூப்பிட்டது. மீன் சட்டியை எடுத்துக்கொண்டு அவள் குசினிக்குப் போனாள்.